பேர் தெரியாத விரல்கள்

(எபிசோடின் ஒலிப்பதிவை எழுத்தாக்கி, கொஞ்சம் சுருக்கித் திருத்திக் கொடுத்திருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

  இன்னிக்கு விருந்தாளி யாரும் இல்ல. நான், ஒரு மைக், மடியில ஒரு பழைய அகூஸ்டிக் கிட்டார், அவ்வளவுதான். நடுவுல எங்கேயாவது கம்பி அதிர்ற சத்தம் கேட்டா, என் கை சும்மா இருக்காதுன்னு நினைச்சு மன்னிச்சிடுங்க.

போன மாசம் ஒரு நேயர் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, எல்லாரும் ஹெண்ட்ரிக்ஸ், கிளாப்டன், ஸ்லாஷ்னே பேசறீங்க. கண்டுக்காம விட்ட கிட்டாரிஸ்ட்டுங்க பத்தி ஒரு எபிசோட் போடுங்களேன்"னு கேட்டிருந்தாங்க. சூப்பர் ஐடியான்னு உடனே நோட்டை எடுத்துட்டு உட்கார்ந்துட்டேன். ஒரு மணி நேரத்துல இருபத்தஞ்சு பேர் எழுதிட்டேன். எழுதி முடிச்சுப் பார்த்தா எனக்கே சிரிப்பு வந்துச்சு. அதுல பாதிப் பேர் ஏற்கனவே பெரிய ஆளுங்க. லட்சக்கணக்கான ரசிகர்கள், சொந்தப் பேர்ல கிட்டார் மாடல் எல்லாம் இருக்கு. அவங்க கண்டுக்கப்படலைன்னு சொன்னா, விஜய் சேதுபதிக்கு ரசிகர்களே இல்லைன்னு சொல்ற மாதிரி.

அதனால வேற ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். யாரோட வாசிப்பை நாம எல்லாருமே கேட்டிருக்கோம், ஆனா வாசிச்சவங்க பேர் மட்டும் தெரியாது? நேராக் கேட்டிருக்காட்டியும், அவங்ககிட்ட இருந்து கத்துக்கிட்டவங்க மூலமா கேட்டிருப்போம். அப்படிப் பார்த்ததுல பட்டியல் நாலு பேரா சுருங்கிடுச்சு. நாலு பேரும் நாலு வேற வேற காரணத்தால மறைஞ்சு போனவங்க. அஞ்சாவதா ஒருத்தன் இருக்கான். அவன் உலகப் புகழ் எல்லாம் இல்ல. அவனைப் பத்தி கடைசியில சொல்றேன். உண்மையைச் சொல்லணும்னா, இந்த எபிசோடே அவனுக்காகத்தான்.

ஐந்து மாசச் சம்பளம்

முதல்ல எலிசபெத் காட்டன். 1893ல அமெரிக்காவோட வட கரோலினாவுல பிறந்தவங்க. கறுப்பினக் குடும்பம், வசதி கிடையாது. அண்ணனோட பாஞ்சோவை அவர் வீட்டுல இல்லாத நேரமா பார்த்து எடுத்து வாசிச்சுப் பழகினாங்க. அப்புறம் சின்ன வயசிலேயே வீட்டு வேலைக்குப் போனாங்க. மாசம் 75 சென்ட் சம்பளம். கடையில பார்த்த கிட்டார் விலை 3 டாலர் 75 சென்ட். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு பைசா செலவழிக்காம சேர்த்தா அஞ்சு மாசச் சம்பளம். வாங்கினாங்க.

இதுல ஒரு சிக்கல். அவங்க இடது கைக்காரங்க. கிட்டார் வலது கைக்காரங்களுக்குக் கட்டினது. சாதாரணமா இடது கைக்காரங்க கம்பியை எல்லாம் கழட்டி வரிசை மாத்திக் கட்டுவாங்க. காட்டன் அதைச் செய்யலை. கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடிச்சுக்கிட்டாங்க. உங்க கிட்ட கிட்டார் இருந்தா இப்பவே எடுத்துத் திருப்பிப் பாருங்க. தடிமனான பேஸ் கம்பி எல்லாம் கீழ போயிடும், மெல்லிசான கம்பி மேல வந்துடும். நாம எல்லாரும் கட்டை விரலால பேஸ், மத்த விரல்களால ராகம்னு வாசிப்போம். அவங்களுக்கு உல்டா. விரல்களால பேஸ், கட்டை விரலால ராகம். ரயில் ஓடற மாதிரி ஒரு சீரான தாளம் கீழ போயிட்டே இருக்கும், மேல கட்டை விரல் பாடும். இந்த முறைக்கே பிற்பாடு "காட்டன் பிக்கிங்"னு பேர் வந்துச்சு. யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு பொண்ணு, தன் கைக்குப் பொருந்தாத கருவியில, தானா கண்டுபிடிச்ச வழி அது.

"ஃப்ரெயிட் டிரெய்ன்"ங்கிற பாட்டை பதின்ம வயசு தொடங்கற நேரத்திலேயே உருவாக்கிட்டாங்க. வீட்டுக்குப் பக்கத்துல போற சரக்கு ரயிலோட சத்தம் கேட்டு வந்த பாட்டு. இன்னிக்கும் விரலால கிட்டார் வாசிக்கக் கத்துக்கிற யாரா இருந்தாலும் முதல் சில மாசத்துக்குள்ள இந்தப் பாட்டைத் தொடுவாங்க. நானும் யூடியூப் பார்த்து அதைத்தான் கத்துக்கிட்டேன். வீடியோவுல பேர் சொன்னாங்களான்னு கூட ஞாபகம் இல்ல.

அப்புறம் என்னாச்சுன்னா, நம்ம ஊர்ல எத்தனையோ பாட்டிமார்களுக்கு ஆனதுதான். சின்ன வயசுல கல்யாணம், குழந்தை, வேலை. சர்ச்சுல "இந்த மாதிரி பாட்டெல்லாம் வேண்டாம்"னு சொன்னாங்க. கிட்டாரைக் கீழ வெச்சுட்டாங்க. ஒண்ணு ரெண்டு வருஷம் இல்ல, பல பத்தாண்டுகள்.

1940கள் முடியற நேரம். வாஷிங்டன்ல ஒரு பெரிய கடையில வேலை பார்த்துட்டு இருந்தாங்க. கூட்டத்துல ஒரு சின்னப் பொண்ணு தொலைஞ்சு அழுதுட்டு இருந்துச்சு. காட்டன் அந்தக் குழந்தையைக் கூட்டிட்டுப் போய் அம்மாகிட்ட ஒப்படைச்சாங்க. அந்த அம்மா ரூத் கிராஃபோர்ட் சீகர், இசையமைப்பாளர். குழந்தை பெகி சீகர். நாட்டுப்புற இசையில பெரிய பேரான பீட் சீகரோட குடும்பம் அது. அந்த வீட்டுல சமையலுக்கும் துணி துவைக்கவும் வேலைக்குச் சேர்ந்தாங்க. வீடு பூரா வாத்தியங்கள். சுவர்ல ஒரு கிட்டார் தொங்குது. ஒரு நாள் அதை எடுத்து, தலைகீழா பிடிச்சு, வாசிச்சாங்க. அப்போதான் அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கே தெரிஞ்சது, நமக்குச் சோறு பொங்கிப் போடறது யாருன்னு.

மைக் சீகர் அவங்க வாசிப்பைப் பதிவு பண்ணி, 1958ல ஃபோக்வேஸ் நிறுவனம் மூலமா முதல் ஆல்பம் வந்துச்சு. அப்போ அவங்களுக்கு வயசு 65. ஆனா அதுக்கு முந்தின வருஷமே, 1957ல, அவங்க பாட்டு இங்கிலாந்துல பெரிய ஹிட். பெகி அங்க போய்ப் பாடினதைக் கேட்டு வேற ரெண்டு பேர் தங்க பேர்ல பதிவு பண்ணிட்டாங்க. பாட்டு ரேடியோவுல ஓடுது, எழுதினவங்க வாஷிங்டன்ல ஒரு சமையலறையில நிக்கறாங்க. அப்புறம் சட்ட ரீதியா போராடித்தான் அவங்க பேர் அந்தப் பாட்டுல சேர்ந்துச்சு.

1985ல, 92 வயசுல, கிராமி விருது. 1987ல இறந்துட்டாங்க. தாமதமானாலும் மரியாதை கிடைச்சதேன்னு சந்தோஷப்படலாம். எனக்கு வேற ஒண்ணு உறுத்துது. அன்னிக்கு அந்தக் கடையில அந்தக் குழந்தை தொலையாம இருந்திருந்தா? இந்த வாசிப்பு முறை அவங்களோடவே போயிருக்கும். தொலையாத குழந்தைகளோட கடைகள்ல வேலை பார்த்த இன்னும் எத்தனை காட்டன்கள் இருந்திருப்பாங்க?

மழையில் ஒரு ரயில் நிலையம்

ரெண்டாவது, சிஸ்டர் ரோசெட்டா தார்ப். இப்போ ரீல்ஸ்ல இவங்க வீடியோ அடிக்கடி வருது. வெள்ளை கிட்டார், கோட்டு போட்ட ஒரு அம்மா, செம கெத்தா ஒரு சோலோ. "ராக் அண்ட் ரோலை ஆரம்பிச்சது இவங்கதான்"னு தலைப்பு போட்டிருப்பாங்க. ஒரே ஆள் ஒரு இசையை ஆரம்பிச்சாங்கன்னு சொல்றதை நான் நம்பறதில்ல. ஆனா இவங்க இல்லாம அந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

1915ல ஆர்கன்சா மாநிலத்துல பிறந்தாங்க. அம்மா ஊர் ஊரா போய்ப் பிரசங்கம் பண்றவங்க. குழந்தையிலேயே அம்மாவோட மேடையில கிட்டார். 1938ல நியூயார்க் போய் டெக்கா நிறுவனத்துக்கு ரெக்கார்ட் பண்ணினாங்க. பக்திப் பாட்டை கிளப்புல பாடினதால சர்ச் ஆளுங்களுக்குக் கோபம். 1944ல பதிவான "ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே" பாட்டை இன்னிக்குக் கேட்டாலும், இது பக்திப் பாட்டா, ராக் அண்ட் ரோலான்னு குழம்பிடுவீங்க. எல்விஸ் முதல் ரெக்கார்ட் போடறதுக்குப் பத்து வருஷம் முன்னாடி.

லிட்டில் ரிச்சர்ட் சின்னப் பையனா இருந்தப்போ, 1947ல, தன்னோட கச்சேரியில அவரைக் கூப்பிட்டு மேடையில பாட வெச்சது இவங்கதான். ஜானி காஷ் தன் சின்ன வயசு ஃபேவரிட் பாடகர்னு இவங்க பேரைச் சொன்னார். 1951ல தன் கல்யாணத்தையே வாஷிங்டன்ல ஒரு ஸ்டேடியத்துல டிக்கெட் போட்டு நடத்தினாங்க. இருபதாயிரம் பேருக்கு மேல காசு குடுத்து வந்தாங்க. கல்யாணம் முடிஞ்சு கச்சேரி. இன்னிக்கு நம்ம இன்ஃப்ளூயன்சர்ஸ் எல்லாம் இவங்க கிட்ட டியூஷன் எடுக்கணும்.

எனக்குப் பிடிச்ச காட்சி 1964 மே மாசம். இங்கிலாந்து, மான்செஸ்டர். பயன்பாட்டுல இல்லாத ஒரு ரயில் நிலையம். டிவி நிகழ்ச்சிக்காக ஒரு பிளாட்ஃபார்ம்ல மேடை, எதிர் பிளாட்ஃபார்ம்ல இளைஞர்கள். நடுவுல தண்டவாளம். குதிரை வண்டியில வந்து இறங்கினாங்க. மழை கொட்டியிருந்துச்சு. உடனே மழையைப் பத்தின ஒரு பாட்டை எடுத்தாங்க. கிட்டாரைத் தோள்ல மாட்டி, அந்த ஈரத்துல வாசிச்ச சோலோவைப் போய்ப் பாருங்க. ஒவ்வொரு கம்பியையும் அவங்க இழுத்து வளைக்கற விதத்துல ஒரு பாடகியோட மூச்சு இருக்கும். பாடின வரியை முடிக்காம கிட்டார்கிட்ட விட்டுடுவாங்க, கிட்டார் அதை முடிச்சு வைக்கும்.

அந்தக் காலத்துல இவங்களைப் பாராட்டணும்னா "ஆம்பள மாதிரி வாசிக்கறாங்க"ன்னு சொல்வாங்களாம். பாராட்டுலயே பேர் அழிஞ்சு போற விஷயம் இது. 1973ல ஃபிலடெல்ஃபியாவுல இறந்தாங்க. கல்லறையில பேர் பொறிச்ச கல் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல அப்படியே கிடந்துச்சு. 2008ல ரசிகர்கள் ஒரு நிதிக் கச்சேரி நடத்தி, அதுக்கப்புறம்தான் கல் வெச்சாங்க. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தது 2018ல. ஸ்டேடியத்தையே நிரப்பின ஒருத்தங்க கதை இது.

ஒரே விரல்

மூணாவது ஆள் ஜேம்ஸ் ஜேமர்சன். இவர் பேஸ் வாசிக்கறவர். "கிட்டாரிஸ்ட்னு சொல்லிட்டு பேஸ் கொண்டு வர்றியே"ன்னு சண்டைக்கு வராதீங்க. பேஸும் கிட்டார்தான். அதுலயும் கண்டுக்காம விடறதுல அதுக்குத்தான் முதல் பரிசு. ஃபோன் ஸ்பீக்கர்ல பாட்டுக் கேட்டா பேஸ் சுத்தமா காணாமப் போயிடும். இன்னிக்கு ஒரு நாள் நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்க.

1936ல தென் கரோலினாவுல பிறந்து, பதினெட்டு வயசு வாக்கில டெட்ராய்ட் போனவர். அங்க மோட்டவுன் நிறுவனம். ஒரு சாதாரண வீட்டைத்தான் ஸ்டுடியோவா மாத்தியிருந்தாங்க. கீழ்த்தளத்துல இருந்த பதிவு அறைக்கு "ஸ்நேக் பிட்"னு பட்டப்பேர், பாம்புக் குழி. அங்க நிரந்தரமா வாசிச்ச குழுவுக்கு ஃபங்க் பிரதர்ஸ்னு பேர். டயானா ராஸோட சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, எல்லாருக்கும் பின்னாடி அதே ஆளுங்க. அமெரிக்கப் பட்டியல்ல முதலிடம் பிடிச்ச இருபதுக்கும் மேற்பட்ட பாட்டுல ஜேமர்சன் வாசிச்சிருக்கார்.

எப்படி வாசிப்பார்? வலது கையில ஆள்காட்டி விரல் ஒண்ணே ஒண்ணு. அதுக்கு "கொக்கி"ன்னு பட்டப்பேர். கம்பி அறுந்தா தவிர மாத்த மாட்டார். பழைய கம்பியிலதான் அந்தச் சத்தம் இருக்குன்னு நம்பினார். அவருக்கு முன்னாடி பாப் பாட்டுல பேஸ்னா வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி, அசையாம கிடக்கணும். இவர் அதை நடக்க வெச்சார். பாடகர் ஒரு வரி பாடி மூச்சு வாங்கற இடைவெளியில, பேஸ் பதில் சொல்லும். ஆனா பாடகர் மேல ஏறி மிதிக்காது. பால் மெக்கார்ட்னியே தனக்குப் பிடிச்ச பேஸ் கலைஞர்னு இவரைச் சொல்லியிருக்கார்.

ஆனா அந்த ரெக்கார்ட் உறைகளைத் திருப்பிப் பார்த்தா, வாசிச்சவங்க பேரே இருக்காது. பாடினவங்க பேர், எழுதினவங்க பேர், தயாரிச்சவங்க பேர். அவ்வளவுதான். பத்து வருஷத்துக்கும் மேல இப்படி. 1971ல மார்வின் கேயோட "வாட்ஸ் கோயிங் ஆன்" ஆல்பத்துலதான் இசைக் கலைஞர்கள் பேரை முறையா அச்சடிச்சாங்க. ஜேமர்சன் பேருக்கு முன்னாடி "ஒப்பற்ற"ன்னு ஒரு அடைமொழியும் சேர்த்தாங்க. அடுத்த வருஷமே நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாறிடுச்சு. இவரும் பின்னாடியே போனார். ஆனா புது ஊர்ல, புது பாணி வந்துடுச்சு. குடிப்பழக்கம் வேற. வேலை குறைஞ்சது.

1983ல மோட்டவுனோட 25வது ஆண்டு விழா. மைக்கேல் ஜாக்சன் மூன்வாக் பண்ணினாரே, அதே விழா. அந்த இசையோட முதுகெலும்பா இருந்த ஆள் மேடையில இல்ல. டிக்கெட் வாங்கிட்டு, பின் வரிசையில உட்கார்ந்து பார்த்திருக்கார். அதே வருஷம் ஆகஸ்ட்ல இறந்துட்டார். வயசு 47.

இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. வறுமை, நோய்னு சோகக் கதைகள் நிறைய கேட்டிருக்கோம். ஆனா தான் வாசிச்ச பாட்டைக் கேட்க, தானே டிக்கெட் வாங்கி, பின் வரிசையில் உட்கார்றது இருக்கே. கைதட்டற கூட்டத்துல அவரும் கைதட்டியிருப்பார் இல்ல?

நம்ம ஊர்லயும் பழைய சினிமா ரெக்கார்ட் உறைகள் அப்படித்தான். பாடகர், கவிஞர், இசையமைப்பாளர். வயலின் வாசிச்ச நாப்பது பேர், கிட்டார் வாசிச்சவர், யாருமே இல்ல. ஏ.ஆர். ரஹ்மான் தன் ஆல்பங்கள்ல வாசிச்சவங்க பேரையும் போட ஆரம்பிச்சப்போ, எங்க மாமா அந்தப் பொடி எழுத்துல இருந்த பேர்களை எல்லாம் சத்தம் போட்டுப் படிச்சது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அந்த ஒரு சின்னக் காகிதம் எத்தனை வீட்டுல "பார்த்தியா, என் பேர்"னு காட்டப்பட்டிருக்கும்.

ரெண்டு அடி பின்னாடி

நாலாவது, மால்கம் யங். ஏசி/டிசி குழு. டி-ஷர்ட்ல லோகோ பார்த்திருப்பீங்க. ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டுட்டு மேடை முழுக்க ஓடற ஆங்கஸ் யங்கையும் தெரிஞ்சிருக்கும். மால்கம் அவரோட அண்ணன். 1953ல ஸ்காட்லாந்துல கிளாஸ்கோவுல பிறந்து, குடும்பத்தோட ஆஸ்திரேலியா போய், 1973ல சிட்னியில குழுவை ஆரம்பிச்சவர். ஆரம்பிச்சவரே இவர்தான். ஆனா லீட் வாசிக்கற வேலையைத் தம்பிகிட்ட கொடுத்துட்டு, இவர் ரிதம் எடுத்துக்கிட்டார்.

கச்சேரி வீடியோ பாருங்க. டிரம்ஸ் பக்கத்துல, ஆம்ப்புக்கு முன்னாடி நிப்பார். கோரஸ் பாட மட்டும் மைக் கிட்ட வருவார். பாடி முடிச்சதும் மறுபடி பின்னாடி போயிடுவார். அவ்வளவுதான் அவரோட மேடை நடமாட்டம். கையில ஒரு பழைய கிரெட்ச் கிட்டார், பெயின்ட் எல்லாம் உரிச்சு, வெறும் மரம். அதுல இருந்த பிக்கப்புல ஒண்ணை மட்டும் வெச்சுட்டு மீதியைக் கழட்டிட்டார். தடிமனான கம்பி, முரட்டு ஸ்ட்ரோக்.

ஹார்ட் ராக்னா டிஸ்டார்ஷனை முழுசா திருகி வைக்கணும்னு நானும் நினைச்சிருந்தேன். மால்கமோட சத்தம் நாம நினைக்கறதை விட ரொம்ப சுத்தமா இருக்கும். ஒரு கார்டுல இருக்கற ஒவ்வொரு கம்பியும் தனியா கேட்கும். அதை விட முக்கியம், அவர் வாசிக்காம விடற இடம். 1980ல வந்த "பேக் இன் பிளாக்" பாட்டோட ஆரம்பத்தைக் கேளுங்க. ஒரு கார்டு, அப்புறம் இடைவெளி. அந்த இடைவெளியிலதான் உங்க தலை ஆடுது. அந்த இடைவெளியை ஒரு நொடி முன்னாடி மூடினாலும் பாட்டு செத்துடும். நான் வீட்டுல மெட்ரோனோம் வெச்சு முயற்சி பண்ணியிருக்கேன். நோட்டு எல்லாம் பத்து நிமிஷத்துல வந்துடும். அந்தச் சும்மா இருக்கற இடம் மட்டும் ஒரு மாசம் ஆகியும் வரலை.

2014ல அவருக்கு டிமென்ஷியான்னு குடும்பம் அறிவிச்சது. ஆனா அதுக்கு முன்னாடியே, 2008ல தொடங்கின உலகச் சுற்றுப்பயணத்திலேயே மறதி ஆரம்பிச்சிருக்கு. முப்பது வருஷமா வாசிச்ச பாட்டுங்களை, தானே போட்ட ரிஃப்புகளை, அன்னன்னிக்கு மறுபடி உட்கார்ந்து கத்துக்கிட்டு மேடை ஏறினார்னு ஆங்கஸ் சொல்லியிருக்கார். கீழ இருந்த ஆயிரக்கணக்கான பேருக்கு அது தெரியாது. தெரியாத மாதிரி வாசிச்சார். 2017 நவம்பர்ல இறந்துட்டார். 64 வயசு.

அஞ்சாவது ஆள்

இப்போ அவனுக்கு வர்றேன். பேர் சொல்ல மாட்டேன், சொல்லாதேன்னு அவனே கேட்டுக்கிட்டான்.

நான் சென்னைக்கு வெளியில ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சேன். எங்க பேண்ட்ல நான் லீட். அவன் ரிதம். ஹாஸ்டல்ல பக்கத்து ரூம். நான் சோலோ பிராக்டீஸ் பண்றப்போ எல்லாம் மணிக்கணக்கா கட்டில்ல உட்கார்ந்து எனக்காக அதே நாலு கார்டை அடிச்சுட்டு இருப்பான். ஒரு தடவை கூட "போதும்டா"ன்னு சொன்னதில்ல.

மூணாவது வருஷம் ஒரு பெரிய கல்ச்சுரல்ஸ். மேடையில அஞ்சு பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு விதி. நாங்க ஆறு பேர். அன்னிக்கு சாயங்காலம் கேன்டீன்ல உட்கார்ந்து பேசினோம். "ரிதம்தானே, கீபோர்டு கவர் பண்ணிடும்"னு ஒருத்தன் சொன்னான். ஒருத்தன்னு ஏன் சொல்றேன், சொன்னது நான்தான். அவன் தலையை ஆட்டிட்டு, "ஆமாடா, அதான் சரி"ன்னான். எங்க ஆம்ப்பைத் தூக்கிட்டு மேடை வரைக்கும் வந்தான். சைடுல நின்னு பார்த்தான்.

அன்னிக்கு வாசிச்ச பாட்டுங்க எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஒரு நோட்டு கூட தப்பு இல்ல. ஆனா என் சோலோ வந்தப்போ, கீழ காலே இல்லாத மாதிரி இருந்துச்சு. எங்க நிக்கறேன்னே தெரியலை. மூணு வருஷமா நான் நல்லா வாசிக்கறேன்னு நினைச்சது, பாதி அவன் வாசிச்சதுன்னு அந்த ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சது. இறங்கி வந்ததும் அவன்கிட்ட அதைச் சொல்லியிருக்கணும். சொல்லலை. "செம டா மச்சான்"னு அவன்தான் என்னைக் கட்டிப் பிடிச்சான்.

அதுக்கப்புறம் கடைசி வருஷம் நாங்க ஒரு சொந்தப் பாட்டு ரெக்கார்ட் பண்ணினோம். காசு சேர்த்து, வளசரவாக்கத்துல ஒரு சின்ன ஸ்டுடியோவுல. அந்தப் பாட்டோட உயிரே நடுவுல வர்ற ஒரு கார்டு வரிசைதான். அது அவன் கண்டுபிடிச்சது. ஹாஸ்டல் மொட்டை மாடியில, கரண்ட் போன ஒரு ராத்திரி. நான் பக்கத்துல இருந்தேன். யூடியூப்ல ஏத்தினப்போ கீழ விவரம் எழுதினது நான். "இசை"ன்னு போட்டு என் பேரை மட்டும் எழுதினேன். கெட்ட எண்ணம் எல்லாம் இல்ல. ராத்திரி ரெண்டு மணி, சீக்கிரம் ஏத்தணும், டியூன் என்னோடது, அதனால நான்தான். அப்படித்தான் தோணுச்சு. அவன் பார்த்தான், லைக் போட்டான், ஷேர் பண்ணினான். ஒண்ணும் கேட்கலை.

காட்டனோட பாட்டைத் தங்க பேர்ல பதிவு பண்ணின அந்த ரெண்டு பேர் மேல எனக்கு அவ்வளவு கோபம் வந்துச்சு, இந்த எபிசோடுக்குக் குறிப்பு எடுத்தப்போ. ரெண்டு பக்கம் எழுதிட்டு, டீ போட எழுந்தவன், அப்படியே நின்னுட்டேன். அளவு வேற, காசு வேற, நாடு வேற. ஆனா நான் செஞ்சதும் அதேதான்.

போன வாரம் அந்த வீடியோவோட விவரத்தைத் திருத்தினேன். அவன் பேரை என் பேருக்குப் பக்கத்துல சேர்த்தேன். அங்க பேர் போட அவன்கிட்ட அனுமதி வாங்கிட்டேன், கவலைப்படாதீங்க. ஃபோன் பண்ணிச் சொன்னேன். எட்டு வருஷத்துக்கு அப்புறம். அவன் இப்போ கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில இருக்கான். முதல்ல சிரிச்சான். "எதுக்குடா இப்போ இதெல்லாம்? அதை யாரு பார்க்கறா?"ன்னான். உண்மைதான், ரெண்டாயிரம் பேர் கூடப் பார்க்காத வீடியோ அது. "அந்த கல்ச்சுரல்ஸ் மேட்டருக்கும் சேர்த்து சாரிடா"ன்னேன். லைன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டான், "அந்தப் பாட்டுக்கு கேப்போ எத்தனாவது ஃப்ரெட்ல வெச்சோம்? என் பொண்ணுக்கு வாசிச்சுக் காட்டலாம்னு பார்த்தேன், ஞாபகம் வரலை."

மூணாவது ஃப்ரெட்டுன்னு சொன்னேன். அவன்கிட்ட இன்னும் கிட்டார் இருக்குங்கறதே எனக்கு அப்போதான் தெரியும்.

மன்னிச்சுட்டேன்னு எல்லாம் அவன் சொல்லலை. நானும் கேட்கலை. பேரைச் சேர்த்ததால எட்டு வருஷம் திரும்பி வராது. ஆனா அவன் பொண்ணு ஒரு நாள் அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தா, அப்பா பேர் அங்க இருக்கும். இப்போதைக்கு அவ்வளவுதான் என்னால முடிஞ்சது.

சரி மக்களே, முடிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை குடுக்கறேன். உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு பாட்டை எடுங்க. நீங்க கேட்கற ஆப்லயே பாட்டு விவரம்னு ஒரு இடம் இருக்கும், அதைத் திறந்து வாசிச்சவங்க பேரைப் பாருங்க. இல்லைன்னா தேடுங்க. கிடைச்சா அந்தப் பேரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. எங்களுக்கும் அனுப்புங்க, அடுத்த எபிசோட் ஆரம்பத்துல எல்லாப் பேரையும் நான் படிக்கறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல.

அப்புறம், உங்க பேண்ட்ல, உங்க டீம்ல, உங்க ஷார்ட் ஃபிலிம்ல ரெண்டு அடி பின்னாடி நிக்கற ஆள் யாராவது இருந்தா, இன்னிக்கே ஒரு ஃபோன் போடுங்க. என்னை மாதிரி எட்டு வருஷம் காத்திருக்காதீங்க.